தைக்கக்கூடாத புத்தகம்

போன வாரம் பைண்டர் வீட்டம்மாவை ஏர்போர்ட் வாசலில், கையில் ஒரு பழுப்புத் தாள் பொட்டலத்தோடு நிறுத்தி வைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், ஒரு வாரமாக நிற்கிறாள். வாருங்கள், போய் அவள் பக்கத்தில் நிற்போம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. இவளுடைய மூத்த மகள், வீட்டில் எல்லோரும் 'பெரியவள்' என்று சொல்கிறவள், கடல் தாண்டி வேறொரு நாட்டில் நிறைமாதமாக இருக்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் எஞ்சினீயர். கப்பல் கரையைத் தொட இன்னும் நாளாகும். அடுத்த வாரம் ஆபரேஷன். வீட்டில் பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் ஒருத்தராவது இருந்தால்தான் தாயையும் பிள்ளையையும் வெளியே விடுவோம் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பு.

அதற்குத்தான் ஆறு மாத விசா. அதை வாங்குவதற்குள் நம் பைண்டர் வீட்டம்மா பட்ட பாட்டை நீங்கள் வாராவாரம் கூடவே இருந்து பார்த்தீர்கள். நெஞ்சுக்கு எக்ஸ்ரே, இன்ஷூரன்ஸ், திரும்பி வருவேன் என்பதற்கு டிக்கெட், பத்து விரல் ரேகை. பெரியவள் ஆன்லைனில் விண்ணப்பம் போடும்போது அப்பாவுக்கும் சேர்த்தே போட்டுவிட்டாள். பைண்டருக்கோ புத்தகம் தைக்கிற தன் பட்டறையை விட்டுப் போக இஷ்டமில்லை. எதற்காகப் போகிறீர்கள் என்று விசா கவுண்டரில் கேட்டபோது, "நான் எங்கே சார் போறேன்? இவளுக்குத் துணைக்கு வந்தேன்" என்று சொன்ன மனிதர் அவர். கேட்ட அதிகாரி சிரித்துவிட்டார். இரண்டு பேருக்கும் விசா ஒட்டி அனுப்பிவிட்டார்.

இனி அந்தப் பொட்டலம்.

பைண்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்லூரிப் பிள்ளைகளின் ஆராய்ச்சிக் கட்டாக இருந்தாலும் சரி, கடைக்காரரின் பில் புத்தகமாக இருந்தாலும் சரி, வேலை முடிந்ததும் பழுப்புத் தாளில் மடித்துக் கட்டித்தான் கொடுப்பார். வாங்குகிறவர் தன் கையால் பிரிக்க வேண்டும். பிரிக்கிறபோது அவர் எதிரே நின்று அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அவருக்குக் கூலியில் பாதி அதுதான்.

நேற்று சாயங்காலம் மனைவியின் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவர், காலையில் பொட்டலமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"இப்பப் பிரிக்காதே. ஏர்போர்ட் வாசல்ல பிரி."

"என்னங்க இது, சின்னப் பிள்ளை விளையாட்டு?"

"பிரிக்கும்போது தெரியும்."

இப்போது வாசல் காவலர் கையை நீட்டுகிறார். "டிக்கெட், பாஸ்போர்ட்."

அவள் நூலை அவிழ்த்தாள். தாளை விலக்கினாள்.

உள்ளே அரக்கு நிறத்தில் பளபளவென்று ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. புது ரெக்ஸின் அட்டை. நான்கு மூலைக்கும் காலிகோத் துணியில் முக்கோணம். நடுவில் தங்க எழுத்தில் அவள் பெயர். பெயருக்கு முன்னால் 'திருமதி' வேறு.

ஒரு கணம் அவளுக்கு மனசு குளிர்ந்தது. பொய் சொல்லக்கூடாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஊரார் பெயரையெல்லாம் தங்கத்தில் அடித்த மனிதர், அவள் பெயரை அடித்தது இதுதான் முதல் தடவை.

அடுத்த கணம் காவலரின் முகத்தைப் பார்த்தாள்.

"இது என்னம்மா?"

"பாஸ்போர்ட்" என்றாள். கேள்வி மாதிரி வந்தது.

பைண்டர் முன்னால் வந்தார். "நான்தான் சார் பண்ணினேன். முதுகு விட்டுப் போயிருந்துச்சு. பழைய நூலை உருவிட்டு, மெழுகு நூல்ல தைச்சிருக்கேன். இழுத்துப் பாருங்க. வரவே வராது."

காவலர் நிஜமாகவே இழுத்துப் பார்த்தார். வரவில்லை. அவர் வாக்கி டாக்கியை எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

"பாராட்டத்தான் யாரையோ கூப்பிடுறார்" என்று பைண்டர், வழியனுப்பக் கூட வந்திருந்த சின்ன மகளிடம் மெதுவாகச் சொன்னார்.

உள்ளே உதவி மேசைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. மூன்று நாற்காலி, ஒரு தண்ணீர் மெஷின், சுவரில் எங்கெங்கோ இருக்கும் ஊர்களின் நேரம் காட்டும் கடிகாரங்கள். விமானக் கம்பெனியின் அதிகாரி அம்மாள் பாஸ்போர்ட்டை மெஷினில் வைத்தார். மெஷின் பேசவில்லை. திருப்பி வைத்தார். அதற்கும் பேசவில்லை. தன்னுடைய மேசையிலிருந்து வேறொரு பாஸ்போர்ட்டை எடுத்து அதன்மேல் இதை வைத்துப் பார்த்தார். இது குள்ளமாக இருந்தது.

"ஓரம் ஏன் குறையுது?"

"மூணு பக்கமும் லேசா சீவி விட்டேன்மா" என்றார் பைண்டர். "தாள் அலை அலையா நின்னுச்சு. பார்க்க நல்லா இல்லை. கட்டிங் மெஷின்ல ஒரே வெட்டு."

"வெட்டினீங்களா?"

"நகக்கண் அளவுதான்."

அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோபப்படுவார் என்று பார்த்தால், அவர் முகத்திலும் பயம்தான் இருந்தது.

"ஐயா, இது நீங்க பைண்டு பண்ற நோட்டு இல்லை. அரசாங்கத்தோட பத்திரம். இதைப் பிரிச்சுத் தைச்சா, எந்தத் தாள் உள்ளே வந்துச்சு, எது வெளியே போச்சுன்னு யாருக்குத் தெரியும்? நான் விமானத்துல ஏத்திட்டேன்னே வைங்க. அங்கே இறங்கினதும் இமிகிரேஷன்ல உட்கார வச்சு, இவங்களை வந்த வழியே திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் மறுபடி விசா கேட்டாலும் கிடைக்காது."

"அந்த விசா அப்படியே இருக்கேம்மா. அந்தப் பக்கத்தை நான் பசைகூடத் தொட விடலை."

"பாஸ்போர்ட் செல்லாதுன்னா அதுல ஒட்டின விசாவும் செல்லாதுங்க."

சின்னவள் குறுக்கே வந்தாள். இவள் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள். வலிக்கிற இடத்தைத் தட்டிப் பார்த்துக் கேட்கிற பழக்கம் அங்கேதான் வந்திருக்க வேண்டும். "மேடம், அவசரத்துல புதுசு எடுத்துட்டா?"

"பாஸ்போர்ட் எடுத்திடலாம். விசாவுக்கு மறுபடி கைரேகை, மறுபடி மெடிக்கல், எல்லாம் முதல்லேருந்து வரணும். அதுவும் இந்த விசாவுல, இந்த மாசக் கடைசிக்குள்ள நாட்டுக்குள்ள நுழைஞ்சாகணும்னு போட்டிருக்கு. அதுக்குள்ள நடக்காதும்மா."

தண்ணீர் மெஷின் வயிற்றுக்குள் ஏதோ உருட்டியது.

அதிகாரி அம்மாள் பைண்டரைப் பார்த்தார். "பிரிஞ்சு தொங்கினபடியே கொண்டு வந்திருந்தீங்கன்னா, நாலு வார்த்தை திட்டிட்டு அனுப்பி வச்சிருப்பேன். பழசாகிப் பிரியறது சகஜம். நீங்க நல்லாத் தைச்சீங்க பாருங்க, அதுதான் தப்பாப் போச்சு."

நல்லாத் தைத்தது தப்பு. பைண்டர் தன் காதில் அப்படி ஒரு வார்த்தை விழும் என்று கனவிலும் நினைத்ததில்லை. நின்றிருந்தவர் கையால் பின்னால் தடவி, நாற்காலி அங்கே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வாக்குமூலம் மாதிரி ஒன்று எழுதி வாங்கினார்கள். பாஸ்போர்ட்டை ஒரு உறையில் போட்டு ஒட்டினார்கள். ஒட்டுவதற்கு முன்னால் அதிகாரி அம்மாள் அந்தத் தங்க எழுத்தை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்ததை நம் வீட்டம்மா மட்டும் கவனித்தாள்.

திரும்பி வரும் டாக்சியில் பைண்டர் முன்சீட்டில், டிரைவர் பக்கத்தில் இருந்தார். அம்மாவும் மகளும் பின்னால். பெட்டி டிக்கியில் இருந்தது. வழியனுப்பப் போன வண்டி, போனவளையே கூட்டிக்கொண்டு திரும்புகிறது. டிரைவருக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். ரேடியோவை அவராகவே அணைத்துவிட்டார்.

சிக்னலில் வண்டி நின்றபோது சின்னவள் கேட்டாள்.

"அப்பா, தெரிஞ்சுதானே செஞ்சீங்க?"

அவர் திரும்பவில்லை.

"ஆறு மாசம் எதுக்கு, ரெண்டு மாசம் பத்தாதான்னு எத்தனை தடவை கேட்டீங்க? அம்மா பெட்டி அடுக்கும்போது சாவியைக் காணோம்னு வீட்டையே புரட்டினோம். உங்க சட்டைப் பையில இருந்துச்சு. இப்ப இது. அம்மா போகக்கூடாது. அவ்வளவுதானே? அக்கா அங்கே அனாதை மாதிரி கிடக்கட்டும், இங்கே உங்களுக்கு நேரத்துக்கு டீ வந்தாப் போதும்."

"ஏய், சும்மா இரு" என்றாள் அம்மா.

சொன்னாளே தவிர, அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகள் சொன்னதற்காக அல்ல. அதே நினைப்பு அந்தச் சின்ன அறையில், அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிய நேரத்தில், அவள் மனசிலும் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. இத்தனை வருஷம் ஒரே பட்டறையில் அவள் தாள் மடிக்க, அவர் தைக்க என்று காலம் தள்ளியவர்கள். அவர்மேல் அப்படி ஒரு சந்தேகம் வரும் என்று அவளுக்கே தெரியாது.

பைண்டர் ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தாள். அவர் தன் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி, பெரியவளிடம் யார் சொல்வது. சின்னவள்தான் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"விமானம் ஏறியாச்சா?" என்றது அந்தப் பக்கக் குரல். எவ்வளவு ஆசையாகக் கேட்டது தெரியுமா!

விஷயத்தைச் சொல்லி முடித்ததும், லைன் போய்விட்டதோ என்று சின்னவள் திரையைப் பார்த்தாள். போகவில்லை. மூச்சு கேட்டது.

"அப்போ யாருடி வருவா?" என்றாள் பெரியவள். திட்டவில்லை, அழவுமில்லை. நனைந்த தாள் மாதிரி இருந்தது அந்தக் குரல். "காலையிலகூட நர்ஸ் கேட்டாங்க, உங்க ஆள் வந்தாச்சான்னு. வந்துட்டே இருக்காங்கன்னு சொல்லிட்டேன்."

"எனக்குப் பாஸ்போர்ட்டே இல்லைக்கா. இருந்தா இப்பவே..."

சின்னவள் பாதியில் நிறுத்தினாள். வாயை மூடவில்லை. மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவள் பார்ப்பதைப் பார்த்து அம்மாவும் பார்த்தாள்.

"அப்பாவுக்கு விசா இருக்கு" என்றாள் சின்னவள்.

பைண்டர் தன் முதுகுக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"நானா?"

"நீங்கதான். ஆறு மாசம். இதே மாசத்துக்குள்ள நுழையணும்."

"எனக்குச் சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாதேம்மா! அடுப்பு எந்தப் பக்கம் திருகினா எரியும்னு உங்க அம்மாவைத்தான் கேட்கணும். பச்சை உடம்புக்காரியை நான் போய்... ஆம்பளை... என்னத்தைப் பார்த்துப்பேன்?"

"கத்துக்குங்க" என்றாள் மனைவி.

டாக்சியில் ஏறியதிலிருந்து அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

போனில் பெரியவள், "அப்பாவா? அப்பாவா வரப்போறார்?" என்று கேட்டாள். நம்பாத குரல். "அப்புறம் பேசுறேன், நர்ஸ் வந்திருக்காங்க" என்று வைத்துவிட்டாள்.

சின்னவள் டிக்கெட் தேட உட்கார்ந்தாள். மற்ற இருவரும் பாஸ்போர்ட்டை எடுக்கப் பட்டறைக்குப் போனார்கள்.

பட்டறை என்றால் தூரமில்லை. வீட்டின் முன்னறைதான். கதவைத் திறந்ததும் பசை வாடை. சுவரோரம் ஆராய்ச்சிக் கட்டுகள் ஆள் உயரத்துக்கு. கட்டிங் மெஷினின் கத்தி தூக்கி நின்றது. அதன் அடியில், நேற்று சீவிய ஓரத் துணுக்குகள் இன்னும் கிடந்தன. இளம்பச்சையாக, முடி மாதிரி மெல்லிசாக. அவள் அதைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்கே வச்சிருக்கீங்க?"

"கீழ் டிராயர்."

டிராயரை அவளே இழுத்தாள். நூல்கண்டு, பழைய ஊசிகள், தங்கத் தாள் சுருள். அடியில் அவருடைய பாஸ்போர்ட்.

எடுத்ததும் அட்டை ஒரு பக்கம் தொங்கியது. முதுகு முழுக்க விட்டிருந்தது. உள்நூல் தொய்ந்து, தாள்கள் வாய் பிளந்து நின்றன. அவளுடையது இதில் பாதிகூடப் பிரியவில்லை. தாள் ஒன்றும் போகவில்லை. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். நடுவில் விசா பத்திரமாக இருந்தது.

"இது என்னோடதை விட மோசமா இருக்கே. இதை ஏன் தைக்கலை?"

"அது டிராயர்ல தூங்குறதுதானே" என்றார். "உன்னோடதுதான் பிரயாணம் போகுது. அத்தனை பேர் நிக்கிற கவுண்டர்ல நீ கிழிஞ்சதை நீட்டினா, பைண்டர் பெண்டாட்டின்னு சொன்னா எவன் நம்புவான்?"

அந்தப் பதில் போதாது என்று அவருக்கே தெரிந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கத்தியைப் பார்த்தபடி பேசினார்.

"சின்னவ கேட்டது முழுக்கத் தப்புன்னு சொல்ல மாட்டேன். சாவியை ஒளிச்சு வச்சது நிஜம். போகாதேன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ராஸ்கல், மகள் அங்கே தனியாக் கிடக்கா, உனக்கு என்னடா கேடுன்னு என்னையே திட்டிக்கிட்டு முழுங்கிட்டேன். வாயால சொல்ல முடியலை. கை சும்மா இருக்க மாட்டேங்குது. சரி, அவ கையில ஆறு மாசம் இருக்கப்போற பொருளு, நல்லாத் தைச்சுக் கொடுப்போம்னு உட்கார்ந்தேன். உன்னை நிறுத்தறதுக்குத் தைக்கலை. என் அம்மா மேல ஆணை."

"ஆணையெல்லாம் வேண்டாம்" என்றாள். "அந்தத் திருமதி எதுக்கு?"

"வெறும் பெயரா அடிச்சா மரியாதையா இருக்காதுன்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு என்றுதான் ஆரம்பித்தது, கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

துடைத்துவிட்டுப் பார்த்தால், பைண்டரின் வலது கை தானாகப் பசைக் கிண்ணத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கண் முழுக்க அந்தத் தொங்கும் அட்டை மேல்.

பட்டென்று கையில் ஒரு அடி.

"தொட்டீங்கன்னா தெரியும்!"

"அட்டையை மட்டும் லேசா..."

"ஊசியும் கிடையாது, பசையும் கிடையாது. அந்தம்மா என்ன சொன்னாங்க? பிரிஞ்சது பிரிஞ்சபடி வரணும். விமானத்துல உட்கார்ந்துட்டு எச்சில் தொட்டு ஒட்டுற வேலைகூட ஆகாது." பாஸ்போர்ட்டைத் தன் முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். "இது என்கிட்டதான் இருக்கும். வாசல்ல தருவேன். பொட்டலம் கட்டாம தருவேன்."

நாளை மதியம் விமானம் என்று சின்னவள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்று, "அப்பா, உங்க கம்பளிச் சட்டை எங்கே?" என்று கேட்டாள். டாக்சியில் பேசியதற்கு அவளுக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான். அவருக்கும் புரிந்தது. "மேல் அலமாரி" என்றார்.

அவள் போனதும் பைண்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்தா... பிறந்த குழந்தையை எப்படித் தூக்கணும்? நம்ம ரெண்டையும் நான் தூக்கினதே இல்லையே. கை காய்ப்புக் காய்ச்சது, கீறிடும்னு விட்டுட்டேன்."

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். மேசைமேல், மடித்து அடுக்கி இன்னும் தைக்காத தாள்கட்டு ஒன்று இருந்தது. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் சரிந்துவிடும்.

"இதை எப்படித் தூக்குவீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. இடது உள்ளங்கையை முதுகுக்கு அடியில் மெல்ல நுழைத்தார். வலது கையால் தலைப்பக்கத்தை ஏந்தினார். ஒரு தாள்கூட அசையாமல் கட்டு அவர் நெஞ்சோடு வந்து ஒட்டிக்கொண்டது.

"அவ்வளவுதாங்க. இதேதான்" என்றாள்.

அவர் அதைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

அப்போது போன் அடித்தது. பைண்டருடைய போன். பெரியவள்.

அவர் தாள்கட்டை மேசையில் இறக்கி வைத்துவிட்டுப் போனை எடுத்தார். மகள் கல்யாணமாகிப் போன நாளிலிருந்து அவர் போனில் சொல்வது ஒரே வரிதான்: நல்லா இருக்கியா, இரு, அம்மாகிட்ட தரேன். இன்றும் "நல்லா இருக்கியா" என்றார். பழக்கத்தில் போனை மனைவியிடம் நீட்டினார்.

அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அவர் மறுபடி காதில் வைத்தார்.

"அப்பா" என்றாள் பெரியவள். மூச்சு வாங்கியது. பின்னால் ஏதோ வண்டிச் சக்கரம் உருளும் சத்தம். "வலி வந்துடுச்சுப்பா. அடுத்த வாரம் வரைக்கும் தாங்காதாம். இப்பவே ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. இங்கே யாரும் இல்லைப்பா. நீங்க நிஜமாவே வர்றீங்களா?"

பைண்டர் மனைவியைப் பார்த்தார். அவள் இடுப்பில் செருகியிருந்த பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதுவும் எங்கேயாவது ஓடிவிடும் என்பது போல.

விமானம் நாளை மதியம்தான்.

"வர்றேன்" என்றார் பைண்டர். "வர்றேன்டா கண்ணு. போனை வைக்காதே. உன்கிட்டேருந்து அவங்க போனை வாங்குற வரைக்கும் அப்பா பேசிட்டே இருக்கேன். என்ன பேசறதுன்னு தெரியலை... இங்கே ஒரு ஆராய்ச்சிக் கட்டு இருக்கு. தைக்காதது. அதைத்தான் இப்ப நெஞ்சோட தூக்கி வச்சுக்கிட்டிருந்தேன். ஏன்னு கேளேன்..."